புகைக்குழாய் நிமிர்ந்தால் மட்டும் போதுமா?

மேடும் பள்ளமும் நிறைந்த தோட்டப் பாதைகளில் உரமூட்டைகளையும் ரப்பர் பாலையும் ஏற்றிச் செல்ல, நான்கு சக்கரங்களும் இயங்கும் பிக்கப் வாகனங்கள் பெரிதும் பயன்படுகின்றன. இவற்றின் அடிப்புறத்தில் செல்லும் புகைக்குழாய் கல்லிலும் மரவேரிலும் மோதி நசுங்குவதுண்டு. ஆகவே, பெரிய லோரிகளில் உள்ளதுபோல் ஓட்டுநர் அறையின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் குழாயைப் பொருத்தச் சிலர் விரும்புகின்றனர். அவ்வாறு எண்ணுவோர் கவனிக்க வேண்டியவை யாவை என்பதை இங்கு ஆராய்வோம்.

புகைக்குழாயின் முதல் வேலை மனிதர் மூச்சைக் காப்பதாகும். இயந்திரம் வெளியேற்றும் புகையில் கார்பன் மோனோக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயிர்வாயுவைச் சுமக்க வேண்டிய இரத்தத்தின் செந்நிறப் பொருளை அது 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் பற்றிக்கொள்கிறது. டீசல் இயந்திரம் இவ்வாயுவைக் குறைவாகவே வெளியிடும். எனினும் அதன் புகையில் நுண்ணிய கரித்துகள் மிகுதி. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2012-ஆம் ஆண்டில் அறிவித்தது.

நிமிர்ந்த குழாய் புகையைத் தலைக்கு மேலே விடுகிறது. கல்லில் அடிபடுவதும் இல்லை. இவை உண்மையான நன்மைகளே. ஆயினும், இணைப்புகளில் கசிவு இருந்தால் குழாயின் உயரத்தால் பயனில்லை. கசியும் புகை ஓட்டுநர் அறைக்குள்ளும், கித்தான் மூடிய பின்தட்டுக்குள்ளும் தேங்கும். ஆகவே குழாயைத் தேர்ந்தெடுக்கும்போது பின்வருவனவற்றைப் பட்டறைக்காரரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

முதலாவது, குழாயைச் சேசிஸில் தாங்கி நிறுத்த வேண்டும். ஓட்டுநர் அறையும் பின்தட்டும் குலுங்கும்போது வெவ்வேறாக அசையும். இரண்டையும் பிணைத்துக் குழாயைக் கட்டினால் இணைப்பு விரைவில் விரிசல் காணும். இயந்திரத்தை அடுத்து வளைந்து கொடுக்கும் இணைப்புத் துண்டும் அவசியம்.

இரண்டாவது, அளவு. இரண்டரை லிட்டர் கொண்ட நான்கு சிலிண்டர் டீசல் இயந்திரத்திற்கு, இரண்டரை முதல் மூன்று அங்குல விட்டமுள்ள ஒரே குழாய் போதுமானது. இரட்டைக் குழாய்கள் செலவையும் பாரத்தையுமே கூட்டும். சைலன்சரை நீக்கிவிட்டால் இரைச்சல் பெருகும். புதிய டீசல் வாகனங்கள் பலவற்றில் உள்ள கரித்துகள் வடிகட்டியையும் வெட்டி எறிதல் கூடாது.

மூன்றாவது, மழை. திறந்த வாய் வானை நோக்கி இருந்தால் நீர் உள்ளே இறங்கிக் குழாய் துருப்பிடிக்கும். புகையின் வேகத்தில் தானே திறந்து மூடும் மூடியோ, பின்நோக்கிச் சாய்வாக வெட்டிய வாயோ தேவை. துருப்பிடிக்காத எஃகு விலை கூடினாலும் நீடித்து உழைக்கும்.

நான்காவது, வெப்பம். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது குழாய் தொட்டால் சுடும் அளவுக்குக் காய்ந்துவிடும். துளையிட்ட தகடு கொண்டு அதனைச் சுற்றி மறைத்தல் வேண்டும். சாக்கு, ரப்பர் ஷீட், எண்ணெய்த் துணி ஆகியவை அதன்மேல் சாயாதவாறு இடைவெளி விடுதலும் வேண்டும்.

குழாய் உயர்ந்துவிட்டதால் ஆழமான ஆற்றையும் கடக்கலாம் என்று நம்புவது தவறு. இயந்திரம் காற்றை உள்ளிழுக்கும் வழி தாழ்வாகவே இருக்கிறது. அவ்வழியே நீர் புகுந்தால் சிலிண்டருக்குள் நீரை அழுத்த முடியாமல் இணைப்புத் தண்டு வளைந்து, இயந்திரமே பாழாகும்.

வாகனத்தின் அமைப்பை மாற்றுமுன், 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் அனுமதி தேவையா என்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டறிதல் நலம். பணத்தைச் செலவிட்டபின் கேட்பதால் பயனில்லை.

கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில் அதனை இயக்கி, இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழிகள் தோன்றும். குழாய் சூடேறுமுன் இச்சோதனையை முடித்துவிட வேண்டும்.

வாகனத்தில் செல்லும்போது பலருக்கு ஒரே வேளையில் தலைவலி, மயக்கம், குமட்டல் ஏற்பட்டால், அதனைப் பயணக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். உடனே இயந்திரத்தை நிறுத்தி, அனைவரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். 999-ஐ அழைத்து மருத்துவ உதவி பெறுங்கள். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிப் பாருங்கள்.

அழகுக்காகவும் ஓசைக்காகவும் குழாயைத் தேர்ந்தெடுப்பவர், அதன் அருகில் அமர்ந்து வருவது தம் குடும்பமே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். உயரமான குழாயைவிடக் கசிவில்லாத குழாயே சிறந்தது.