மணிலாக்கொட்டையும் அதன் காட்டு உறவும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மணிலாக்கொட்டை பயிரிடும் குடியானவர்களுக்கு டிக்கா நோயும் துரு நோயும் தீராத தொல்லையாகும். காய் முற்றும் பருவத்தில் கரும்புள்ளி கண்ட இலைகள் உதிர்கின்றன. துரு கண்டவை கருகுகின்றன. நோய் கடுமையானால் மகசூலில் பாதிக்கு மேல் நஷ்டமாவதுடன், மாட்டுக்குரிய கொடியும் கெடுகிறது.

குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து பொறுக்கி, 1940-ஆம் வருஷத்தில் திண்டிவனத்திலிருந்து வெளியான டி.எம்.வி. 2 ரகம் இந்தியாவின் பல பாகங்களிலும் பரவிப் பெயர் பெற்றது. ஆயினும் இவ்விரு நோய்களையும் எதிர்க்கும் சக்தி அதற்கில்லை. பயிராகும் மணிலாக்கொட்டை முழுவதும் தென் அமெரிக்காவில் இரண்டு காட்டுச் செடிகள் அபூர்வமாய்க் கலந்து உண்டான வம்சமாதலால், அதனுள் வேற்றுமைகள் குறைவு. நோய் தாங்கும் குணமும் அரிது.

அக்குணம் பொலிவியா தேசத்தில் தானாக வளரும் அராக்கிஸ் கார்டினாசி என்னும் காட்டுச் செடியில் இருந்தது. ஆனால் காட்டுச் செடிக்கு 20 குரோமோசோம்கள், பயிருக்கு 40. இரண்டும் கூடிப் பிறந்த கலப்புச் செடி 30 உடையதாய் மலடாயிற்று. கண்வலிக் கிழங்கிலும் காணப்படும் கோல்ச்சிசின் என்னும் மருந்தினால் அவ்வெண்ணிக்கையை இரட்டிப்பாக்கியபின் காய் பிடித்தது. 1960-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் இவ்வேலை நடந்தது. பின்சந்ததிகளில் 40 குரோமோசோம் உடையவை பொறுக்கப்பட்டன.

இவ்வழி வந்த காட்டுக்குணம் தார்வாடு விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.பி.டி. 4 ரகத்தில் அமைந்தது. அதனை டி.எம்.வி. 2-உடன் ஒட்டி, பிறக்கும் செடிகளைத் திரும்பத் திரும்ப டி.எம்.வி. 2-உடனேயே சேர்த்து, நோய் தாங்கும் அம்சமுள்ள செடிகளை மரபணு அடையாளங்களால் கண்டறிந்து, திண்டிவனத்து ரகத்தின் நோய் தாங்கும் வம்சங்களைத் தார்வாடு ஆராய்ச்சியாளர் உண்டாக்கினர். இதன் விவரம் 2017-இல் வெளியாயிற்று. மீண்டும் மீண்டும் தாய் ரகத்துடன் சேர்ப்பதன் காரணம், காட்டுச் செடியின் சிறுத்த காய் முதலிய வேண்டாத குணங்களைக் கழித்துவிடுவதே.

நோய் தாங்கும் ரகம் என்பது நோயே அணுகாத ரகம் அன்று. காளானும் காலப்போக்கில் மாறக்கூடும். ஆதலால் அடுத்த தேவைக்கும் வேற்றுமைகள் கையிருப்பில் இருத்தல் வேண்டும். காட்டுச் செடிகள் அயல் நாட்டில் இருப்பினும், நமது கிராமங்களில் பழைய நாட்டு ரகங்கள் இன்னும் ஓரிரு வீடுகளில் இருக்கலாம். அவற்றைப் புது விதை வந்ததென்று செக்குக்கு அனுப்பிவிடாமல், ஒரு படியேனும் தனித்துச் சேமித்து, ரகத்தின் பெயரும் விளைந்த ஊரும் எழுதித் திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தாருக்குத் தெரிவிப்பது விவசாயிகளின் கடமை. அவ்வீடுகளைக் கண்டு சொல்வது கிராம அதிகாரிகளின் உதவி. இழந்த விதையை எந்த ஆராய்ச்சியாலும் மீட்க இயலாது.