வெள்ளையணுக் குறிப்பான்களின் பெயரீடு: ஓர் ஆகுபெயர் நோக்கு

1. பெயரின் தோற்றம்

நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றும் நிணநீரணுக்களை வகைபிரிக்க உதவுவன அவற்றின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளாகும். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே தன்மையுடைய எதிர்ப்பொருளை வேண்டுமளவு பெறும் முறையை வெளியிட்டனர். அதன்பின் ஆய்வகந்தோறும் பெயர்கள் பெருகின. ஒரே மூலக்கூறும் அதனைப் பற்றும் எதிர்ப்பொருள்களும் டி4, ஓ.கே.டி.4, லியூ-3 எனப் பலவாறு வழங்கின. 1982இல் பாரிசில் கூடிய பன்னாட்டுப் பட்டறை, ஒத்த அணுக்களைப் பற்றும் எதிர்ப்பொருள்களைப் புள்ளியியல் வழியில் கொத்துகளாகத் தொகுத்து எண்ணிட்டது. அவ்வெண்களே சிடி எண்கள்.

2. பொருள் விரிவு

எனவே, 'சிடி4' என்பது முதலில் எதிர்ப்பொருள்களின் கொத்தையே குறித்தது. பின்னர் அவை பற்றும் மூலக்கூறுக்கு ஆயிற்று. அறியும் கருவியின் பெயர் அறியப்படும் பொருளுக்கு ஆனமையின், இது கருவியாகுபெயரை ஒக்கும். அடுத்து, அம்மூலக்கூற்றை உடைய அணுவிற்கும் ஆயிற்று. இது சினையாகுபெயர். ஆயினும் 'வெற்றிலை நட்டான்' என்புழி இலை ஒரு கொடிக்கே உரியது. சிடி4 மூலக்கூறோ உதவி டி அணுக்களில் மட்டுமன்றி மோனோசைட்டுகளிலும் உண்டு. ஆதலின் 'சிடி4' என வருமிடமெல்லாம் 'உதவி டி அணு' எனப் பெயர்ப்பது பிழையாகும். சிடி3, சிடி4 ஆகிய இரண்டும் உடைமை கூறப்படின் அப்பெயர்ப்பு பெரிதும் பொருந்தும்.

3. மொழிபெயர்ப்பில் எழும் இடர்கள்

சிடி என்பதன் விரிவை 'வேறுபாட்டுத் தொகுதி' எனப் பெயர்த்தல் பொருந்தாது. ஈண்டுக் குறிக்கப்படுவது இரு பொருள்களுக்கிடையிலான வேறுபாடன்று. முதிராத அணு தனக்குரிய வகையாக உருப்பெறும் நிகழ்ச்சி. 'வகைப்பாடடைதல்' என்பது அக்கருத்தை நெருங்கும்.

'பாசிடிவ்' என்பதனை 'நேர்மறை' எனப் பெயர்த்தல் இதனினும் இடர்மிக்கது. எச்.ஐ.வி. ஆய்வறிக்கையில் 'எச்.ஐ.வி. நேர்மறை' என்பது தொற்றைச் சுட்டும். அதே அறிக்கையில் 'சிடி4 நேர்மறை அணுக்கள்' என வரின், அவை தொற்றுற்ற அணுக்கள் என்று நோயாளி மயங்க இடமுண்டு. உண்மையில், அவற்றின் எண்ணிக்கை குறைவதே கவலைக்குரியது. ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 200க்குக் கீழ்ச் செல்லின், வளர்ந்தோரில் அது நோய் முற்றிய நிலை எனக் கொள்ளப்படும்.

'சிடி4 உடைய', 'சிடி4 இல்லாத' என்னும் உடைமை, இன்மை வழக்குகள் இம்மயக்கத்தை நீக்கும். 'சிடி56 மிகுந்த', 'சிடி56 குறைந்த' என அளவு வேறுபாட்டைக் குறிக்கவும் அவை இடந்தரும். மூலக்கூறு, அணு, எண்ணிக்கை ஆகிய மூன்றனுள் எது கருதப்படுகிறது என்பதைத் தெளிந்த பின்னரே மொழிபெயர்ப்பாளர் சொல்லைத் தெரிவு செய்தல் வேண்டும்.