ஊருக்கு வெளியே ஒரு பிரதி: நம் பதிவுகளைக் கிளவுடில் பாதுகாப்பது எப்படி?





நம் அறக்கட்டளை அலுவலக பீரோவில் மூன்று ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. பழைய கேசட்டுகளிலிருந்து மாற்றிய பயான்கள், மதரஸா ஆண்டு விழாக்கள், நிவாரணப் பணிகள் என எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2 டிபி. ஒருநாள் அவற்றில் ஒன்று திறக்க மறுத்தது. மறைந்த ஹஜ்ரத் ஒருவரின் குரல் அதில் மட்டுமே இருந்தது. பழுது பார்ப்பவர் பாதியை மீட்டுத் தந்தார். மீதி போனது போனதுதான்.

உடனே வேறு டிஸ்க்குகள் வாங்கி எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்தோம். ஆனால் அவற்றையும் அதே பீரோவில்தான் வைத்தோம்!

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் நம் ஊர் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து, குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. உயிர்களுக்கு முன் டிஸ்க்குகள் ஒரு பொருட்டல்ல. ஆனாலும் அந்த மழை ஒன்றை உணர்த்தியது: ஒரே அறையில் பத்துப் பிரதிகள் இருந்தாலும், ஆபத்து வரும்போது அவை ஒரே பிரதிதான்.

இதற்கு 3-2-1 என்றொரு எளிய கணக்கு உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கியது. 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், அதில் 1 வெளியூரில். அந்த வெளியூர்ப் பிரதிக்கு ஏற்றதுதான் கிளவுடின் ‘கோல்டு ஸ்டோரேஜ்’.

கோல்டு ஸ்டோரேஜ் என்றால் என்ன?

வியாபாரிகள் புளி, மிளகாய் மூட்டைகளைக் குளிர்பதனக் கிடங்கில் ஏற்றி வைப்பார்கள். அன்றாடச் சமையலுக்கு யாரும் அங்கே போவதில்லை. இதுவும் அப்படித்தான். அமேசானின் கிளேசியர் சேவை 2012-ல் வந்தது. அதைவிட மலிவான டீப் ஆர்கைவ் 2019-ல் வந்தது. இதில் வைத்த வீடியோவை நினைத்தவுடன் திறக்க முடியாது. கேட்டு வைத்தால் 12 மணி நேரத்துக்குள் கிடைக்கும். கட்டணம் குறைந்த முறையில் 48 மணி நேரம் வரை ஆகும். கூகுள், மைக்ரோசாஃப்ட் கிளவுடுகளிலும் ‘ஆர்கைவ்’ வகை உண்டு. நிபந்தனைகள் வேறு வேறு.

செலவு எவ்வளவு?

அமேசானின் அமெரிக்க மைய விலைப்படி, டீப் ஆர்கைவில் 1 ஜிபிக்கு மாதம் 0.00099 டாலர். நம் 2 டிபிக்கு மாதம் சுமார் 2 டாலர். உடனே திறக்கக்கூடிய ஸ்டாண்டர்டு வகையில் இதுவே 46 டாலர் ஆகும். மும்பை மையத்தில் விலை வேறு. ஜிஎஸ்டி 18% தனி.

வைப்பதுதான் மலிவு, எடுப்பது அப்படியல்ல. இணையம் வழியே இறக்க 1 ஜிபிக்கு சுமார் 0.09 டாலர், மாதத்துக்கு முதல் 100 ஜிபி இலவசம். 2 டிபியையும் ஒரே மூச்சில் இறக்கினால் 170 டாலருக்கு மேல், அதாவது ஏழு வருட வாடகை! 180 நாட்களுக்குள் அழித்தாலும் 180 நாட்களுக்கான கட்டணம் உண்டு. ஆகவே அடிக்கடி பார்ப்பதும், இன்னும் எடிட்டிங் முடியாததும் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். மற்றெல்லாப் பிரதிகளும் போனால் மட்டுமே தொடும் கடைசிப் பிரதிதான் இது.

நாங்கள் செய்த முறை

1. ஆயிரக்கணக்கான சிறு படங்களைத் தனித்தனியே ஏற்றினால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கூடும். எனவே வருடம், நிகழ்ச்சி வாரியாக ஒரே ‘ஜிப்’ கோப்பாக்கினோம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. ஒரு படத்துக்காக மூட்டை முழுவதையும் இறக்க வேண்டிவரும்.

2. எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை நோட்டிலும் கணினியிலும் எழுதினோம். பட்டியல் இல்லாத கிடங்கில் தேடுவதற்கே பணம் கரையும்.

3. ஒவ்வொரு கோப்புக்கும் ‘செக்சம்’ எடுத்துக் குறித்தோம். கைரேகை போன்ற எண் இது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும்.

4. பொறுமையாக ஏற்றினோம். நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் 2 டிபி ஏற, இரவு பகலாக ஒன்பது நாட்களுக்கு மேல் ஆகும். மொபைல் இணையத்தை நம்புபவர்கள் பௌர்ணமி கிரிவல இரவுகளைத் தவிர்ப்பது நல்லது!

5. ஒரு கோப்பைத் திரும்ப எடுத்து, செக்சம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தோம். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

இது அமானிதம்

உதவி பெற்ற குடும்பங்களின் முகங்களும், அவர்கள் தந்த ஆதார் நகல்களும் நம்மிடம் உள்ளன. அவை வெளியே போனால் அவர்களின் மானம் போகும். எனவே அவற்றைப் பூட்டுச்சொல் இட்டு என்கிரிப்ட் செய்த பிறகே ஏற்றினோம். தேவை முடிந்த ஆதார் நகல்களை ஏற்றாமல் அழித்துவிட்டோம். பூட்டுச்சொல் தொலைந்தால் நமக்கும் அது திறக்காது. அதனால் அதைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, இரு நிர்வாகிகள் வசம் தனித்தனியே வைத்திருக்கிறோம்.

கணக்கை ஆர்வமுள்ள ஓர் இளைஞரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். அவர் வெளிநாடு போவார். அவருடைய கார்டு காலாவதியாகும். பில் கட்டாமல் கணக்கு மூடப்பட்டால், பிறகு சேமித்ததும் அழிக்கப்படும். அறக்கட்டளையின் பெயரிலேயே கணக்கு இருக்கட்டும். வருடாந்தரக் கணக்குத் தணிக்கையின்போது பில்லையும் சரிபார்த்து, ஒரு கோப்பையும் மீட்டுப் பார்க்க முடிவு செய்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய பயான் கேசட்டுகள் இருக்கலாம். எடுத்து வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். ஒருவேளை, நாங்கள் இழந்த அந்தக் குரலின் மறுபாதி உங்களிடம் இருக்கக்கூடும்.