பெட்டி நிறையப் பழைய கண்ணாடிகள்

சென்ற கோடையில் எங்கள் வாலிபர் ஐக்கியம் ஆலய வாசலில் ஒரு பெட்டி வைத்தது. "பழைய மூக்குக்கண்ணாடிகளைத் தாருங்கள், வசதியில்லாதவர்களுக்கு அனுப்புவோம்" என்று எழுதி ஒட்டினோம். மார்க்கத்தில் எந்த வீட்டு லாச்சியைத் திறந்தாலும் இரண்டு மூன்று கிடக்கும்தானே! ஒரே மாதத்தில் பெட்டி நிரம்பிவிட்டது.

பிரித்து அடுக்க உட்கார்ந்தபோதுதான் சங்கடம். பாதிக்கு மேல் கீறல் விழுந்தவை, சட்டம் முறிந்தவை. நல்லவற்றிலும் சிக்கல் இருந்தது. கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் எங்கள் சபை அக்கா ஒருவர் விளக்கினார். வலது கண்ணுக்கு ஒரு பவர், இடது கண்ணுக்கு இன்னொன்று. கண்மணிகளுக்கு இடையிலான தூரமும் ஆளுக்கு ஆள் மாறும். "உன்னுடைய கண்ணாடி உன் அண்ணனுக்கே சரிவராது. முல்லைத்தீவில் இருக்கிற ஓர் ஆச்சிக்கு எப்படியடா சரிவரும்?"

அவர் சொன்னது உண்மைதான். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், நன்கொடையாக வந்த 275 கண்ணாடிகளைச் சோதித்தார்கள். பயன்படுத்தக்கூடியவை 7 சதவீதம் மட்டுமே. கழுவி, அளந்து, அனுப்பும் செலவையும் சேர்த்தால், புதிதாக ஒரு வாசிப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பதே மலிவு.

அதற்காகத் தேவை பொய்யாகிவிடாது. நாற்பது வயதைத் தாண்டினால் அநேகமாக எல்லோருக்கும் வெள்ளெழுத்து வரும். இங்கே நம் அம்மாமார் டாலர் கடையில் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களில், நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளரை வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. கிட்டப்பார்வைக் கண்ணாடி கிடைத்தவர்களின் கொழுந்து பறிப்பு, கிடைக்காதவர்களோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 22 சதவீதம் கூடியது. பறிக்கும் எடைக்கேற்பக் கூலி பெறும் வீட்டில் அது எவ்வளவு பெரிய தொகை! நம் மலையகத்துத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மதுரையில் 1976இல் பதினொரு கட்டில்களோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்னொரு வழியைக் காட்டுகிறது. கிராமத்து முகாமுக்கே வில்லைகளையும் சட்டங்களையும் கொண்டுபோகிறார்கள். கண்ணைப் பரிசோதித்து, அங்கேயே பொருத்தி, பலருக்கு அன்றே கையில் கொடுக்கிறார்கள். ஒரு கண்ணாடிக்காகக் கூலியை விட்டுவிட்டு இரண்டாம் முறை நகரத்துக்கு யார் போவார்கள்?

நல்ல நிலையில் இருந்தவற்றை லயன்ஸ் கழகத்தின் சேகரிப்புப் பெட்டியில் போட்டோம். பவரை அளந்து வகைப்படுத்தும் நிலையங்கள் அவர்களிடம் உண்டு. பிறகு ரோல்ஸ் விற்றுச் சேர்த்த பணத்தைப் புதிய வாசிப்புக் கண்ணாடிகளுக்கென்று ஒதுக்கினோம். பெட்டி வைத்த உற்சாகம் இதற்கு எல்லோரிடமும் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெட்டியின் அடியில் தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடி ஒன்று, துணியில் சுற்றியபடி கிடந்தது. ஓர் அன்ரி தன் காலஞ்சென்ற அப்பாவுடையதைப் போட்டிருந்தார். ஒரு வில்லை வெடித்திருந்தது. விஷயத்தைச் சொல்லி, தயக்கத்தோடு திருப்பிக் கொடுத்தோம். அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தவர், "அப்ப புதுசு ஒண்டு எவ்வளவு?" என்று கேட்டு, 20 டாலரை நீட்டினார்.