நான்கு பக்கம் அளந்தால் போதுமா?

வேலிப் பிணக்கு இல்லாத ஊர் அருமை. வன்னிக் கிராமமொன்றுக்குச் சென்றிருந்தபோது அப்படியொரு பிணக்கின் நடுவே நாமும் அகப்பட்டுக்கொண்டோம். கணவனை இழந்த தாய் ஒருவரின் காணி, உறுதியின்படி 26½ பேர்ச்சஸ். பக்கத்துக் காணிக்காரரோ நாடா பிடித்து அளந்துவிட்டு, "28¾ பேர்ச்சஸ் வருகுது. வேலியை எங்கடை பக்கம் தள்ளிப் போட்டிருக்கினம்" என்றார்.

அவருடைய கணக்கு இதுதான். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு 26 மீற்றர். மற்றைய இரண்டும் 28 மீற்றர். பெருக்கினால் 728 சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். பெருக்கலில் பிழையில்லை. காணியைச் செவ்வகம் என்று எண்ணியதிலேதான் பிழை.

நான்கு தடிகளை மூலைக்கு ஓர் ஆணியடித்துச் சட்டமாக்கித் தள்ளிப் பாருங்கள். சட்டம் சரியும். பக்கங்களின் நீளம் மாறாது. உள்ளே அடங்கும் பரப்போ குறைந்துவிடும். மூன்று தடிகளால் செய்த முக்கோணி அப்படிச் சரியாது. மூன்று பக்கங்கள் தெரிந்தால் அதன் உருவமும் பரப்பும் உறுதியாகிவிடும்.

ஆகவே மூலைவிட்டம் ஒன்றையும் அளக்கச் சொன்னோம். 30 மீற்றர் வந்தது. செவ்வகமாயின் 38 மீற்றருக்கு மேல் வந்திருக்க வேண்டும்.

மடிக்கணினியில் லிப்ரேகாட் என்னும் இலவச வரைபட மென்பொருள் இருந்தது. முதலில் மூலைவிட்டத்தை 30 மீற்றர் நேர்கோடாக வரைந்தோம். அதன் ஒரு முனையை மையமாக்கி 26 மீற்றர் ஆரையுள்ள வட்டம். மறுமுனையில் 28 மீற்றர் ஆரையுள்ள வட்டம். இரண்டும் கோட்டுக்கு மேலும் கீழும் வெட்டும். மூலை இருக்கும் பக்கத்து வெட்டுப்புள்ளியை எடுத்து முனைகளுடன் இணைத்தால் முக்கோணி தயார். கோட்டின் மறுபக்கத்தில், ஆரைகளை முனை மாற்றி வைத்து, இரண்டாவது முக்கோணியையும் வரைந்தோம். பள்ளிக்கூடத்தில் கவராயத்தால் செய்த அதே வேலைதான்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கேட்கப்படுவது ஆரையா விட்டமா என்று பார்த்து இலக்கத்தைக் கொடுங்கள். வட்டங்கள் ஒன்றையொன்று தொடவே இல்லையாயின் கணினியைக் குறை சொல்லாமல் நாடாவை மீண்டும் பிடியுங்கள். முக்கோணியில் எந்த இரு பக்கங்களின் கூட்டுத்தொகையும் மூன்றாவதிலும் கூடுதலாகவே இருக்கும்.

ஒவ்வொரு முக்கோணியும் 336 சதுர மீற்றர். மொத்தம் 672. அதாவது 26½ பேர்ச்சஸுக்குச் சற்று மேல். உறுதியில் எழுதியிருந்ததும் அதுவே.

பக்கத்துக் காணிக்காரர் தாமே நாடாவைப் பிடித்து மூலைவிட்டத்தை மீண்டும் அளந்தார். அதே 30. பிறகு வேலியைப் பற்றி அவர் பேசவில்லை.

வழக்கென்று வந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடமே செல்லும். நாம் வரைந்தது அதற்கு ஈடாகாது. ஆனால், வழக்குக்குப் போகாமலே தீரக்கூடிய பிணக்குகள் எத்தனை! அடுத்த முறை காணி அளக்கும்போது, நான்கு பக்கங்களோடு மூலைவிட்டத்தையும் அளந்து எழுதி வையுங்கள்.