சிறு வாகனும் பெரு வாகனும்

கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டிய ஊர் இங்கிலாந்திலுள்ள ராச்டேல் என்பதை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். 1844-ஆம் ஆண்டில் அங்கே கடை திறந்த முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். அவர்கள் வழியில் தோன்றிய சங்கங்கள் மாவும் சர்க்கரையும் விற்றதோடு நில்லாமல், அங்கத்தினர் வீடுகளில் கணப்புக்கு வேண்டிய நிலக்கரியையும் விற்றன. அதனை ஏற்றிவரச் சில சங்கங்கள் சொந்தமாகவே ரயில் வாகன்களை வைத்திருந்தன. 1863-இல் நிறுவப்பெற்ற மொத்த விற்பனைக் கூட்டுறவுச் சங்கமும் அவ்வாறே செய்தது. அவ்வாகன்களின் உருவை இன்று மேசைமீது ஓடும் மாதிரி ரயில்களில் காணலாம்.

முதலில் உண்மை வாகனைப் பார்ப்போம். 1923-ஆம் ஆண்டின் பொது அளவுத் திட்டப்படி கட்டப்பெற்ற வாகன் 12 டன் கரி ஏற்றும். மேலே கூரையில்லை, பக்கங்களில் ஏழு பலகைகள். நீளம் 16½ அடி; இரு அச்சுகளுக்கும் இடைவெளி 9 அடி. எஞ்சினிலிருந்து இயக்கும் பிரேக் இதற்கு இல்லை. தொழிலாளியே கைப்பிடியை அழுத்த வேண்டும். கைப்பிடி ஒரு புறம் மட்டும் இருந்தால் அவர் தண்டவாளத்தைக் கடந்து ஓட நேரும், உயிருக்கே ஆபத்து. 1900-ஆம் ஆண்டின் விபத்துத் தடுப்புச் சட்டத்தை அடுத்து வந்த விதிகள், இரு புறமும் கைப்பிடி வேண்டுமென வற்புறுத்தின.

இனி மாதிரி வாகன். 1938-இல் வெளிவந்த ஹார்ன்பி டப்ளோ ரயிலில், ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்பது கணக்கு. அக்கணக்கில் நம் வாகனின் நீளம் 66 மில்லிமீட்டர். அச்சு இடைவெளி 36 மில்லிமீட்டர். ஆனால் தண்டவாள அகலம் மட்டும் இக்கணக்குக்கு அடங்காது. 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 16.5 மட்டுமே உள்ளது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவிற் சிறியவை. அவற்றினுள் மோட்டார் அடங்கும்பொருட்டு உடலைச் சற்றுப் பெரிதாக்கிப் பாதையைப் பழைய அளவிலேயே விட்டனர். எடையிலும் ஒரு விந்தை உண்டு. நீளம் 76-இல் ஒரு பங்கானால், கன அளவு ஏறத்தாழ 4,39,000-இல் ஒரு பங்காகும். 6½ டன் எடையுள்ள வெற்று வாகன் 15 கிராமே நிற்கும்! அவ்வளவு இலேசான வண்டி வளைவிலே தடம்புரளும். ஆதலின் உள்ளே இரும்புத் துண்டு வைக்கின்றனர்.

சொந்த வாகனால் சங்கத்துக்கு நன்மை உண்டு. குளிர்காலத்தில் வாகனுக்காகப் பிறர் தயவை நாட வேண்டுவதில்லை. பெயரும் ஊர்தோறும் பரவும். ஆயினும் ஒரு குறை இருந்தது. கரியை இறக்கிய வாகன், பக்கத்துச் சுரங்கத்துக்கு வாகன் தேவைப்பட்டாலும், அங்கே செல்லாது. தன் உடையவர் சொன்ன சுரங்கத்துக்கே வெறுமையாகத் திரும்பும். இவ்வாறு ஒவ்வொன்றையும் பிரித்துச் சேர்ப்பதிலே நேரமும் கூலியும் விரயமாயின. 1939-இல் போர் மூண்டதும் அரசாங்கம் இவ்வாகன்களைப் பொதுத் தொகுப்பில் சேர்த்தது. அருகில் நிற்பது எதுவோ அதில் ஏற்று என்பதே புதிய முறை. 1948-இல் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தனியார் வாகன்கள், ஈட்டுத்தொகையின் பேரில், தேசவுடைமையாயின. பழைய பெயர்கள் நாளடைவில் மங்கி மறைந்தன.

மாதிரி செய்வோர் அப்பெயர்களை மீண்டும் எழுதுகின்றனர். எனினும் ஒரே அச்சில் வார்த்த உடல்மீது பல பெயர்களைப் பதிக்கும் வழக்கமும் உண்டு. உண்மையில் ஐந்து பலகை வாகன் வைத்திருந்தவருக்கு ஏழு பலகை வாகன் கிடைத்துவிடும். கவனமுடையோர், குளோஸ்டர் நகர வாகன் தொழிற்சாலை முதலியவை எடுத்துவைத்த புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். கறுப்பு வெள்ளைப் படமாதலின் வண்ணத்தை வேறு சான்றுகொண்டே துணிய வேண்டும்.

நமது சங்கங்களும் லாரி, கிடங்கு, இயந்திரம் முதலியவற்றை வாங்க எண்ணும்போது இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளலாம். பொருள்மீது நம் பெயர் இருப்பது பெருமையே. ஆனால் அது வெறுமையாகத் திரும்பும் நாட்கள் எத்தனை என்பதையும் கணக்கிட்டு, அண்டைச் சங்கத்தோடு சேர்ந்து பயன்படுத்த இயலுமாவெனப் பொதுக்குழுவில் ஆராய்வது நலம்.