குருத்தை மண்ணுக்குள் ஒளிக்கும் பனை

இலங்கையின் நெடுந்தீவில் ஆவணி பிறந்துவிட்டால் பெண்பனைகளின் கீழே பழம் விழுந்துகொண்டே இருக்கும். களியைக் காயவைத்துச் செய்யும் பினாட்டுக்காகப் பழத்தைப் பிழிந்தபின் ஒரு பழத்துக்குப் பெரும்பாலும் மூன்று கொட்டைகள் மிஞ்சும். அவை கிழங்குப் பாத்திக்குப் போகும். மாரி மழை நனைத்ததும் அந்தக் கொட்டைக்குள் நடப்பதை முதன்முதலாக அறிந்தபோது, இத்தனை காலம் கிழங்கு தின்றும் இதைக் கவனிக்கவில்லையே என்று வியந்தேன்.

சாதாரண விதை முளைத்தால் தளிர் மேலே வரும். பனங்கொட்டையோ தன் கண் வழியே ஒரு குழாயை வெளியே விட்டு, அதைக் கீழ்நோக்கிச் செலுத்துகிறது. குட்டிப் பனையின் கரு அந்தக் குழாயின் நுனிக்குள் இருக்கிறது. ஒரு முழம், சிலவேளை அதற்கும் கூடுதலான ஆழத்துக்குக் கருவை இறக்கிவிட்ட பிறகே வேர் கீழேயும் குருத்து மேலேயும் கிளம்பும். கொட்டைக்குள் இருக்கும் உணவை, அதனுள்ளே பஞ்சுபோல் வளரும் பூரான் உறிஞ்சிக் குழாய் வழியே அனுப்ப, குருத்தை மூடிய உறை மாப்பொருளால் பருக்கிறது. அதுவே பனங்கிழங்கு. கிழங்கைப் பிளந்தால் நடுவே கிடக்கும் பீலி, வெளியே வரக் காத்திருந்த முதல் ஓலை. உணவெல்லாம் இறங்கிய பின் மேலே எஞ்சும் வெறும் கோதுதான் ஊமல்.

நெடுந்தீவின் நிலம் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். பல இடங்களில் மண் மெல்லியது. குழாய் கல்லைத் தட்டினால் கிழங்கு கோணிக் கட்டையாகும். மண்ணைக் கொத்திக் குவித்து மேடாக்கி, அதன்மேல் கொட்டைகளை நெருக்கி அடுக்குவது அதனால்தான். மார்கழி, தையில் பாத்தி கிண்டாமல் விட்டால் கிழங்கில் தும்பு ஏறிவிடும்.

மரமாக்க வேண்டிய கொட்டைக்கு வேறு பக்குவம் வேண்டும். அதை விளங்கிக்கொள்ள வேறொரு மரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் டக்ளஸ் பெர் என்றொரு ஊசியிலை மரம் உண்டு. காட்டியலாளர் பல தலைமுறையாக அதன் கன்றுகளை ஆராய்ந்துவருகிறார்கள். நாற்றங்காலில் ஓராண்டு, இரண்டாண்டு வளர்த்து, வேரை வெட்டி ஒழுங்குபடுத்தி, பிடுங்கிக் காட்டில் நடுகிறார்கள். பனையிடம் இந்த முறை எளிதில் செல்லாது. வடலியை, அதாவது இளம்பனையை, பிடுங்கப்போனால் குருத்து ஆழத்தில் இருக்கும்; வேர் அறுந்தால் திரும்பப் பிடிப்பது அரிது. பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று, அது போனால் மரமே போயிற்று. நீளமான பையில் முளைக்கவைத்து நடுவோர் உண்டு என்றாலும், மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையை ஊன்றுவதுதான் உறுதியான வழி.

நாற்றங்காலுக்கு இடைஞ்சலான இதே குணம்தான் நெடுந்தீவில் பனையைக் காப்பாற்றுகிறது என்பது என் எண்ணம். டக்ளஸ் பெர் கன்றின் நுனி காற்றில் நீட்டிக்கொண்டிருப்பதால் மான் கடித்துவிடும். அதைத் தடுக்கக் கன்றுக்குக் கன்று குழாய்க்கவசம் மாட்டுகிறார்கள். நெடுந்தீவின் வெளிகளில் மாடும் ஆடும் மட்டக்குதிரைகளும் மேய்கின்றன. அவை வடலியின் ஓலையைக் கடித்தாலும் குருத்தின் உயிர்நுனி மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. கோடையில் தீ மேயும்போதும் அப்படியே. வடலி பின்னடையும், எளிதில் சாகாது. ஆனால் ஆண்டுக்காண்டு கடிபட்டால் அடிமரம் எழும்புவது தள்ளிப்போகும். தீவுக்கே உரிய கல்வேலிக்குள் கொட்டை ஊன்றினால் வடலி சீக்கிரம் தலையெடுக்கும்.

அடுத்த கேள்வி இடைவெளி. வாஷிங்டன் மாநிலத்து விண்ட் ரிவர் காட்டில் 1925இல் டக்ளஸ் பெர் கன்றுகளை 4 அடி முதல் 12 அடி வரை வெவ்வேறு இடைவெளியில் நட்டு, பல பத்தாண்டுகள் அளந்துவந்தார்கள். மண்வளம் குறைந்த அந்த இடத்தில், அகல நட்டவை பருமனில் மட்டுமன்றி உயரத்திலும் நெருக்கி நட்டவற்றை முந்தின. பனைக்குச் சுமார் 10 அடி இடைவெளி சொல்லப்படுகிறது. ஏக்கருக்கு 435 மரம் வரும். கிழங்குப் பாத்தியின் நெருக்கத்தையே பழகிய கை, மரத்துக்கு ஊன்றும்போது இந்த இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைந்தது. கைதடியில் பனைக்கென ஓர் ஆராய்ச்சி நிறுவகமும் உண்டு. ஆய்வாளருக்குப் பனை தரும் பெரிய தலையிடி, அதன் பால். ஆண்பனையா பெண்பனையா என்று வடலியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாளை வரப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு, சிலவேளை இன்னும் கூடுதலாகவும் ஆகும். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலாவோடு பெண்பனையையும் அனுமதியின்றி வெட்டத் தடுக்கிறது. தான் ஊன்றியது அந்தப் பெண்பனைதானா என்று அறிய, ஊன்றியவர் முதல் பாளை வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்தியாவில் சிலர் மரபணு அடையாளங்களைக் கொண்டு நாற்றிலேயே அதை அறிய முயன்றிருக்கிறார்கள்.